நாற்பது பேணித் தண்ணீர்

சிவமயம்

சண்டிலிப்பாய்
8-6-1985

அன்புள்ள இராசாத்திக்கு,

டொக்டர் சொன்னபோது அறைக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். டொக்டர், படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு நின்ற நேர்ஸ், உன் அண்ணை, நான். கதவுக்கு வெளியே வாங்கில் அயல் தோட்டக்காரர் பஞ்சலிங்கம் இருந்தார். அவருக்குப் பிறகு இந்தச் செய்தியை அறிகிற முதல் ஆள் நீதான். ஊர்ச்சனம் ஆளுக்கொரு விதமாய்ச் சொல்லி உன் காதில் விழக்கூடாது என்றுதான் ஆட்களை எண்ணி எழுதுகிறேன்.

உன் அண்ணைக்கு உணவுக்குழாயில் புற்று.

மாசி மாதம் பிட்டு இறங்கவில்லை என்றார். நான் பிட்டுத்தான் காய்ந்துபோயிற்று என்று நினைத்துப் பாலை விட்டுக் குழைத்தேன். பங்குனியில் சோறு நின்றது. வருஷப்பிறப்பன்று பொங்கலை ஒரு வாய் வைத்துவிட்டு வேலிப்பக்கம் போய்த் துப்பினார். வைகாசியில் கஞ்சியும் பாதி திரும்பி வந்தது. எல்லாம் திகதி போட்டுக் கொப்பியில் இருக்கிறது. டொக்டர் அந்தக் கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாய்ப் பார்த்தார். "அம்மா எதுவரைக்கும் படிச்சனீங்கள்?" என்றார். மூன்றாம் வகுப்பு, மிச்சம் தேவாரப் புத்தகத்தைப் பார்த்து நானாய்ப் பழகினது என்றேன்.

வெள்ளைக் களியைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். முற்றிவிட்டதாம். வெட்டி எடுக்க ஏலாதாம். ஆனால் கதிர் மெசினுக்குக் கீழே கிடத்தி இருபத்தைந்து தரம் கரண்டு பிடித்தால் அது சுருங்கும், சாப்பாடு இறங்கும், கொஞ்சக் காலம் ஆளாய் இருப்பார் என்றார். கரண்டு பிடிக்கிற ஆஸ்பத்திரி உங்கள் கடற்கரைப் பக்கத்தில் இருக்கிறது.

உன் அண்ணை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்ப சுருட்டை விடவேணுமோ?" டொக்டர் சிரிக்கவில்லை. வருகிற வழியில் சுருட்டுக் கட்டைப் பஞ்சலிங்கத்தின் மடியில் வைத்து, "இந்தா, எனக்கு வந்தது உனக்கும் வரட்டும்" என்றார். பஞ்சலிங்கம் அதைப் பஸ் யன்னலால் எறிந்தார்.

உனக்கு எழுதச் சொல்லி அவர் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் எழுதாமல் இருந்தது என் பிழையும்தான்.

மீனாம்பிகை


யேசு மரி சூசை

மயிலிட்டி
11-6-1985

அன்பான மச்சாள்,

உங்கள் எழுத்தைக் கண்டதும் அம்மா செத்த செய்தி வந்த மாதிரி நெஞ்சு அடித்தது. அதுவும் நீங்கள்தான் எழுதினீர்கள். கடைசியாய் எழுதியதும் அதுதான்.

நான் சேச்சில் தாலி கட்டின மூன்றாம் நாள் அண்ணை இங்கே வந்தாரே, உங்களுக்குச் சொன்னாரோ தெரியாது. முற்றத்தில் நின்றார். உள்ளே வரவில்லை. வெயிலுக்குள்ளால் சைக்கிள் மிதித்து வந்த மனிசன் என்று செம்பிலே தண்ணீர் கொடுத்தேன். வாங்கினார். வாங்கி நிலத்தில் ஊற்றினார். "இந்த வீட்டுப் பச்சைத் தண்ணியும் என்ரை தொண்டைக்குள்ளை இறங்காது. அம்மாளாச்சி ஆணை" என்றார். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் பக்கத்திலேதான் நின்றார். கடற்கரை ஆள், கோபக்காரர் என்று சொல்லுவார்கள். ஒரு சொல் பேசவில்லை.

இப்போது தொண்டை என்று எழுதியிருக்கிறீர்கள்.

மச்சாள், அந்த வருஷம் முழுக்க நான் அழுதேன். என் கண்ணீர்தான் போய் அவரை அடைத்ததோ? சுவாமியாரிடம் கேட்டேன். "கடவுள் என்ன, குற்றப்பணம் எழுதுகிற கச்சேரிக் கிளாக்கரா?" என்று பேசி அனுப்பினார். எனக்கு ஆறவில்லை.

ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். கடலுக்குப் போக அரசாங்கம் தடை போட்டிருப்பதால் இவர் வீட்டிலேதான் நிற்கிறார். வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. வரச்சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் வரமாட்டார். இடம் இருக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

இராசாத்தி


சிவமயம்

சண்டிலிப்பாய்
20-6-1985

அன்புள்ள இராசாத்திக்கு,

உன் கேள்வியை நான் அப்படியே டொக்டரிடம் கேட்டேன். "ஆரும் அழுதால் இந்த வருத்தம் வருமோ? கோவிச்சால் வருமோ?" என்றேன். "வராது அம்மா. அப்பிடி வாறதெண்டால் யாழ்ப்பாணத்திலை ஒருதரும் சாப்பிட ஏலாது" என்றார். ஆகவே அதை உன் மனதிலிருந்து இறக்கிவை.

திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் பஸ்ஸில் போய்வந்தோம். இரண்டு பஸ் மாறவேண்டும். போகும்போது ஒரு மணித்தியாலம் காத்து நிற்பது, வரும்போது ஓங்காளிப்பது. புதன்கிழமை மானிப்பாய் தாண்டும்போது மயங்கிச் சாய்ந்தார். இன்று வியாழன், பாயை விட்டு எழும்பவில்லை. "சாகிறதெண்டால் வீட்டிலை சாகிறன். பஸ்ஸுக்குள்ளை ஏன்?" என்கிறார்.

மூன்று பிடித்தாயிற்று. இருபத்திரண்டு மிச்சம். பாதியில் விட்டால் பிடித்ததும் வீண் என்று நேர்ஸ் சொல்லியிருக்கிறாள்.

மத்தியானம் உன் கடிதத்தை அவருக்கு வாசித்தேன். கண்ணீர் பற்றிய இடத்தை விட்டுவிட்டு வாசித்தேன். முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். பின்னேரம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "போய் இருக்கிறன். ஆனால் சொன்ன சொல்லுச் சொன்னதுதான். அம்மாளாச்சி மேலை ஆணை வைச்சனான். தண்ணி எங்கடை கிணத்திலையிருந்து வரவேணும்."

இராசாத்தி, இதை எழுத என் கை கூசுகிறது. உன் வீட்டில் படுக்க வருகிறவர் உன் தண்ணீரைக் குடிக்கமாட்டேன் என்கிறார். ஆனால் இருபத்திரண்டு நாளை நான் எங்கே போய்த் தேடுவேன்? மூடி போட்ட அலுமினியக் கான் ஒன்று இருக்கிறது. தண்ணீர் குடிக்கிற தகரப் பேணியால் அளந்து பார்த்தேன். நாற்பது பேணி பிடிக்கிறது. குடிக்க, கஞ்சி வைக்க, வாய் கொப்பளிக்க ஒரு நாளைக்கு ஏழு பேணி. சனிக்கிழமை வீட்டுக்கு வந்து திங்கட்கிழமை திரும்ப நிரப்பிக்கொண்டு வரலாம்.

உனக்கு ஏலாது என்றால் ஏலாது என்று எழுது. நான் கோவிக்கமாட்டேன்.

மீனாம்பிகை


யேசு மரி சூசை

மயிலிட்டி
22-6-1985
(பஞ்சலிங்கம் கையில்)

மச்சாள்,

கடிதத்தை வாசித்துவிட்டுக் கிணற்றடியில் போய் இருந்தேன். என்னைத்தான் வேண்டாம் என்றார், கிணறு என்ன செய்தது?

இவருக்குச் சொன்னேன். இவர் சிரிக்கத் தொடங்கினார். "கடல் பக்கத்திலை இருக்கிற வீட்டுக்குத் தண்ணி காவிக்கொண்டு வாற மனிசனை நான் ஒருக்காப் பாக்கவேணும். வரச்சொல்லு" என்றார். பிறகு எழும்பிப் போய், முற்றத்தில் காய்ந்த கருவாட்டை எல்லாம் அள்ளித் தமையன் வளவுக்குக் கொண்டுபோனார். ஓங்காளிக்கிறவருக்கு அந்த மணம் ஆகாதாம்.

புதுச்சட்டி மூன்று வாங்கியிருக்கிறேன். அவர் நிற்கிற மட்டும் உள்ளே மீனோ வேறு மச்சமோ சமைக்கமாட்டேன். என் பெட்டைகள் இரண்டும் தங்கள் அறையை ஒதுக்கிவிட்டார்கள். மாமாவை அவர்கள் கண்டதே இல்லை. மாமா என்ன கடிக்கிறவரோ என்று சின்னவள் கேட்கிறாள்.

கொண்டுவரட்டும் கானை. ஆனால் ஒன்று. அதிலிருந்து ஊற்றிக் கொடுப்பது நான்தான். அதற்கும் ஏதும் ஆணை இருக்கிறதோ என்று அவரைக் கேட்டு எழுதுங்கள்.

இராசாத்தி


சிவமயம்

சண்டிலிப்பாய்
23-6-1985
(பஞ்சலிங்கம் கையில்)

அன்புள்ள இராசாத்திக்கு,

கேட்டேன். "கையைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றார். ஆகவே நீயே ஊற்று.

கஞ்சியைத் துணியில் வடித்துக் கொடு. ஆறவிடு, சூடு ஆகாது. நிமிர்ந்து இருந்துதான் விழுங்கவேண்டும், விழுங்கியபின் அரை மணித்தியாலம் படுக்கக்கூடாது. அவசரப்படுத்தாதே. இறங்கிற்றோ, இறங்கிற்றோ என்று முகத்தைப் பார்க்காதே, அவருக்குக் கோபம் வரும். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு எண்ணு.

புதுக் கொப்பி அனுப்புகிறேன். கோடு கீறியிருக்கிறேன்: நேரம், என்ன கொடுத்தது, எத்தனை கரண்டி, இறங்கினது, திரும்பினது, தண்ணீர் எத்தனை பேணி. நன்மை தீமை எதையும் விடாமல் எழுது. டொக்டர் கேட்பார்.

திருநீற்றுப் பை அவர் இடுப்பில் இருக்கிறது. உங்கள் வீட்டில் பூசலாமோ என்று கேட்கிறார். பூசலாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

மீனாம்பிகை


யேசு மரி சூசை

மயிலிட்டி
29-6-1985

அன்பான மச்சாள்,

இன்றைக்குக் கர்த்தால், கடையும் பூட்டு, பஸ் ஒன்றும் ஓடவில்லை. அதனால் அண்ணை வரமாட்டார், அடுத்த சனிக்கிழமைதான் வருவார். யோசிக்கவேண்டாம். தண்ணீர் போதும்.

முதல் இரண்டு நாளும் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. இவரோடு கதைப்பார், அதுவும் வள்ளத்தைப் பற்றி. மரம் என்ன மரம், எத்தனை வருஷம் நிற்கும் என்று. தோட்டக்காரனுக்கு வள்ளத்தில் என்ன என்று நினைத்தேன். சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு போய்வருகிறார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "இஞ்சை", "இஞ்சை" என்கிறார்கள்.

புதன்கிழமை நானும் போனேன். கரண்டு பிடிக்கிற அறைக்கு வெளியே வாங்கில் யாழ்ப்பாண ரவுணிலிருந்து வருகிற ஆசியா உம்மா என்ற மனுசி. அண்ணைக்கு வந்த அதே வருத்தம், அதே இடம். அன்றைக்கு அவவுக்குப் பத்தொன்பதாவது. அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவ சீலைத் தலைப்பிலிருந்து ஒரு கதலிப்பழத்தை எடுத்து, உரித்து, அவருக்கு முன்னாலேயே மெல்ல மெல்லச் சாப்பிட்டா. முழுப் பழம், மச்சாள். அண்ணை கண் வெட்டாமல் பார்த்தார்.

"என்ன தம்பி, பழத்தைக் காணாத மாதிரிப் பாக்கிறியள்?" என்றா.

"இறங்குதோ?" என்றார் அண்ணை.

"பத்துக்குப் பிறகு மெல்ல மெல்லத் திறந்திச்சு. அதுக்கு முந்தி இதைவிட மோசமா எரியும். எரியுது எண்டு ஓடிப்போகாதேங்கோ. எட்டாவதோடை நானும் ஓடினனான். என்ரை மகள் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தவள். உங்களுக்கு இழுக்க ஆர் இருக்கினம்?"

அண்ணை என்னைக் கை காட்டினார். கதைக்கவில்லை. கை மட்டும் காட்டினார்.

நேற்று எட்டாவது முடிந்தது. எரிகிறது என்று சொல்கிறார். ஓடவில்லை.

இராசாத்தி


சிவமயம்

சண்டிலிப்பாய்
7-7-1985

அன்புள்ள இராசாத்திக்கு,

நேற்று வந்து சேர்ந்தார். பதின்மூன்று முடிந்தது, பன்னிரண்டு மிச்சம். முகத்தில் கொஞ்சம் தெளிவு இருக்கிறது. குரல் கரகரக்கிறது. வந்ததும் வராததுமாய்த் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தூங்கினார்.

நான் கொப்பியை எடுத்துக் கூட்டினேன். நீ அழகாய் எழுதியிருக்கிறாய். ஒரு நேரமும் விடவில்லை. வடித்த கஞ்சி முதல் நாள் நாலு கரண்டி இறங்கியது, கடைசி நாள் பதினெட்டு இறங்கியிருக்கிறது. அதைக் கண்டு சாமி அறையில் விளக்கேற்றினேன்.

பிறகு தண்ணீரைக் கூட்டினேன். தொண்ணூற்றிரண்டு பேணி வருகிறது. மூன்று தரம் கூட்டினேன். கான் பிடிக்கிறது நாற்பது.

கொப்பி எங்கே என்று இன்று காலை அவர் கேட்டார். கூட்டி முடியவில்லை என்றேன். நாளைக்கு வேறு கொப்பி கொடுத்து விடுகிறேன்.

ஐம்பத்திரண்டு பேணி எங்கிருந்து வந்தது, இராசாத்தி? இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன். அவர் கண்ணில் படாமல் வாசி.

மீனாம்பிகை


யேசு மரி சூசை

மயிலிட்டி
9-7-1985

மச்சாள்,

நன்மை தீமை எதையும் விடாமல் எழுதச் சொன்னீர்கள். அதனால்தான் அகப்பட்டேன். பொய் செய்யத் தெரிந்தவளுக்குப் பொய் எழுதத் தெரியவில்லை.

கர்த்தால் அன்று காலை கானைச் சரித்தேன், அரைப் பேணிதான் வந்தது. அண்ணை எரிகிறது, எரிகிறது என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு இருக்கிறார். பஸ் இல்லை. சைக்கிளில் இவர் சண்டிலிப்பாய்க்குப் போய்வர வெளிக்கிட்டார், சந்தியில் மறித்துத் திருப்பிவிட்டார்கள். வந்தவர் கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி அள்ளி, துணியால் வடித்து, கானுக்குள் ஊற்றி மூடினார். மூடிவிட்டு என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

பேணியில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தார். விழுங்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு விழுங்கினார். இறங்கியது. "இன்னும் கொஞ்சம் விடு" என்றார். மச்சாள், அதுவரைக்கும் அவர் இரண்டாம் வாய் கேட்டதே இல்லை.

அன்று தொடக்கம் அப்படியேதான். கையைக் கட்டிக்கொண்டு தாகத்தில் விடவோ? ஆனால் ஆணையை முறித்தது நான். அம்மாளாச்சி என்னையல்லவா பார்ப்பா? அவவை விட்டுப் போனவளை இன்னும் மோசமாய்ப் பார்ப்பா.

இதெல்லாம் பெரிதில்லை. அவருக்குத் தெரிந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார். உங்களுக்கு அவரைத் தெரியும். இன்று பதினைந்தாவது முடிந்தது, இன்னும் பத்து இருக்கிறது. இப்போது கூடக் குடிக்கிறார், திங்கட்கிழமை வந்த கான் வெள்ளிக்கிழமை மட்டும் காணாது. இனி நான் என்ன செய்ய? சொல்லவோ, ஊற்றவோ?

இராசாத்தி


சிவமயம்

சண்டிலிப்பாய்
12-7-1985

அன்புள்ள இராசாத்திக்கு,

ஊற்று.

நேற்றுக் கோயிலுக்குப் போனேன். மிச்சம் எத்தனை நாளோ அத்தனை தரம் வீதியைச் சுற்றினேன். சுற்றிக்கொண்டே அம்மாளோடு வழக்குப் பேசினேன். ஆணை வைத்தவர் அவர். மீறியது அவர் அறியாமல், ஆகவே அது அவர் மேல் வராது. ஊற்றினவள் நீ, தாகத்துக்கு ஊற்றினாய். இனி ஊற்றச் சொல்கிறவள் நான். ஏதும் பாவம் இருந்தால் அது என் பக்கத்தில் எழுதப்படட்டும் என்று சொல்லிக் கற்பூரம் கொளுத்தினேன். கற்பூரம் சீராய் எரிந்தது. அதை நான் பெரிதாய் எடுக்கவில்லை, காற்று இல்லாத நாள். ஆனால் மனம் பாரமில்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

நாளைக்கு அவர் வருவார், பழைய கொப்பியைக் கேட்பார். ஆகவே இன்று பிளேட்டை எடுத்து, தண்ணீர்ப் பக்கத்தைச் சுரண்டி, நாற்பது வரும்படி மாற்றி எழுதினேன். கலியாணம் கட்டின நாளிலிருந்து கொப்பி எழுதுகிறேன். பால் எழுதியிருக்கிறேன், பொயிலைக் கன்று எழுதியிருக்கிறேன், பிள்ளை இல்லாத எங்களுக்கு நேர்த்தி வைத்த நாள்களையும் எழுதியிருக்கிறேன். சுரண்டிய இடம் இது ஒன்றுதான். தாள் கொஞ்சம் மெலிந்துவிட்டது. தெரியாது என்று நினைக்கிறேன்.

கஞ்சி இருபத்தைந்து கரண்டி தாண்டட்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

மீனாம்பிகை


யேசு மரி சூசை

மயிலிட்டி
18-7-1985

அன்பான மச்சாள்,

நேற்று ஆடிப்பிறப்பு. எங்கள் பக்கத்தில் அதைக் கொண்டாடுவது குறைவு. ஆனால் நான் வருஷம் தவறாமல் ஒரு சின்னச் சட்டியில் ஆடிக்கூழ் காய்ச்சுவேன். அம்மா காய்ச்சுகிற மாதிரித்தான். அரிசிமா, வறுத்த பயறு, பனங்கட்டி, தேங்காய்ப்பால். இந்த முறை பயறையும் அரைத்து, தண்ணீராய்க் காய்ச்சினேன். அண்ணைக்குக் கொடுக்கத் துணிவில்லை. மணத்துக்கு அவராய் அடுப்படிக்கு வந்தார். இருபத்தோராவது முடித்துவிட்டு வந்த களை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னடி காய்ச்சிறாய்?"

மச்சாள், என்னை அவர் 'அடி' என்று கூப்பிட்டு எத்தனை வருஷம்!

"கூழ் அண்ணை."

"எந்தத் தண்ணியிலை?"

"கான் தண்ணியிலைதான்."

"கான் தண்ணி எண்டால் எனக்கு வேண்டாம்" என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. "கிணத்துத் தண்ணியிலை காய்ச்சினது இருந்தால் தா."

நான் அகப்பையோடு நின்றேன்.

"என்ன பாக்கிறாய்? உந்தக் கானை வாங்கினவனே நான். நாற்பது பேணி. அது பன்னிரண்டு நாளைக்கு ஊற இதென்ன கேணியே? உன்ரை மச்சாள் அங்கை கொப்பியைச் சுரண்டி வைச்சிருக்கிறாள். அவள் சுரண்டினதைக் கண்டுதான் சிரிப்பு வந்திச்சு. மீனாம்பிகை கள்ளக் கணக்கு எழுதிறாள் எண்டால் நான் செத்துப்போனனாக்கும் எண்டு நினைச்சன்."

"அப்ப கொப்பியைப் பாத்துத்தான் தெரியுமோ அண்ணை?"

"சீ. முதல் வாயிலையே தெரியும். ஐம்பத்தெட்டு வருஷம் ஒரு கிணத்துத் தண்ணி குடிச்சவனுக்கு உவர்த் தண்ணி தெரியாதே?"

"பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்?"

தொண்டையைத் தடவினார்.

"இறங்காது எண்டு ஆணை வைச்சனான். அது இறங்கிச்சு. எங்கடை தண்ணி மூண்டு நாளா முள்ளு மாதிரி நிண்டது. உது இறங்கிச்சு. இறங்கிறதை நான் ஏன் மறிப்பான்? சொன்னால் நீ பயத்திலை ஊத்தமாட்டாய். அதுதான் வாயை மூடிக்கொண்டு குடிச்சனான்."

நான் அழத் தொடங்கினேன். "அழுது உப்பாக்காதை, கூழ் இனிப்பாயிருக்கட்டும். போய் அள்ளிக்கொண்டு வந்து புதுசாய்க் காய்ச்சு. நான் இருக்கிறன்" என்றார்.

இவர் அள்ளிக்கொண்டு வந்தார். மூன்றாம் வீட்டில் போய்ப் பலாவிலையும் பிடுங்கிக்கொண்டு வந்தார். இலையைக் கோலி ஈர்க்குக் குத்த இவருக்குத் தெரியாது, இரண்டு இலை கிழிந்தது. அண்ணை வாங்கித் தானே குத்தினார். "மச்சான், வள்ளம் கட்டிறது இதைவிடச் சுகமோ?" என்று கேட்டார். மச்சான் என்றார், மச்சாள். இவர் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லாரும் ஒன்றாய் இருந்து குடித்தோம். கொப்பியில் எழுதியிருக்கிறேன், இங்கேயும் எழுதுகிறேன்: ஆடிக்கூழ், பலாவிலையால் பதினொன்று. இறங்கினது பத்து. திரும்பினது ஒன்று. சின்னவள் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இனிக் கான் வேண்டாம் என்கிறார். அதை நான் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

இராசாத்தி


சிவமயம்

சண்டிலிப்பாய்
12-8-1985

அன்புள்ள இராசாத்திக்கு,

இருபத்தைந்தும் முடித்து அவர் வீட்டுக்கு வந்து இன்றோடு இருபது நாள். கொப்பியை இப்போது அவரே வாங்கி வாசிக்கிறார். சுரண்டிய பக்கத்துக்கு வந்ததும் தாளைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்து, "டொக்டர் படம் பாக்கிற மாதிரி எல்லாம் தெரியுது" என்கிறார். நான் அந்தப் பக்கத்தில் சரியான கணக்கைத் திரும்ப எழுதிவிட்டேன். தொண்ணூற்றிரண்டு.

சனிக்கிழமை டொக்டரிடம் போனோம். திரும்பவும் களி குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். நானும் பார்த்தேன். முன்பு நூல் மாதிரி இருந்த வழி இப்போது விரல் அளவு இருக்கிறது. இரண்டு றாத்தல் ஏறியிருக்கிறார். போய்விட்டதோ என்று கேட்டேன். டொக்டர் ஒளிக்கவில்லை. "போகேல்லை அம்மா. ஒதுங்கி நிக்குது. ஆறு மாசமோ, ஒரு வருஷமோ, அதுக்குப் பிறகும் சிலவேளை. இறங்கிற மட்டும் விரும்பினதைச் சாப்பிடட்டும்" என்றார். வெளியே வந்து உன் அண்ணை, "சரி, ஒதுங்கி நிக்கட்டும். நானும் அதுக்கு இடைஞ்சல் குடுக்கமாட்டன்" என்றார். இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டுக் கொடுக்கிறேன். இரண்டு இறங்குகிறது. நேற்று மூன்றாவதுக்குக் கை நீட்டினார்.

ஆசியா உம்மாவையும் கண்டோம். கதலிப்பழம் ஒரு சீப்பு எங்களுக்குத் தந்தா.

இனி எழுத வந்த விஷயம். உன் அண்ணை கிணற்றை இறைப்பித்துச் சேறு எடுப்பித்தார். ஏன் இந்தக் கோடையில் என்று கேட்டேன். ஆவணி இரண்டாம் ஞாயிறு, அதாவது இருபத்தைந்தாம் திகதி, முற்றத்தில் பொங்கவேண்டுமாம். அன்றைக்கு ஊறியிருக்கிற தண்ணீரில் முதல் வாளி நீ அள்ளவேண்டும், இரண்டாவது வாளி உன் வீட்டுக்காரர் சூசைதாசன் தன் கையால் அள்ளவேண்டும், அந்தத் தண்ணீரில்தான் உலை வைக்கவேண்டும் என்கிறார். நீ அந்தக் கிணற்றில் கை வைத்துப் பன்னிரண்டு வருஷம். சூசைதாசனின் ஆட்கள் எவரும் அதில் ஒருநாளும் அள்ளியதில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பஞ்சலிங்கம் மெல்லமாய்ச் சொல்லிப் பார்த்தார்: "இராசநாயகண்ணை, ஊர் கதைக்கும்."

"கதைக்கட்டும். எனக்கு இறங்காமல் கிடக்கேக்கை ஊர் ஒரு கரண்டி ஊத்தேல்லை" என்றார். பஞ்சலிங்கம் மண்வெட்டியைக் கீழே வைத்தார். பிறகு, "துலாக்கயிறு பழசு, அண்ணை. ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திப் புதுசு போட்டுத் தாறன்" என்றார்.

அம்மாளின் ஆணை என்னாவது என்று நான் கேட்டேன். "அதுக்குத்தான் பொங்கல்" என்றார். எனக்கும் அது சரியாய்த்தான் படுகிறது.

இன்னும் ஒன்று. அந்தக் கானைக் கொண்டு வரட்டாம். வெறுங்கானாய் வேண்டாமாம். உங்கள் கிணற்றில் நிரப்பிக்கொண்டு வரட்டாம். எங்கள் தண்ணீர் சப்பென்று இருக்கிறதாம்.

பொங்கலுக்கு இருக்கப்போகிறவர்களின் பெயரைக் கொப்பியில் எழுதிவிட்டேன். உன் அண்ணை, நான், பஞ்சலிங்கம், அவர் பெண்சாதி. அதற்குக் கீழே நான்கு கோடு வெறுமையாய் விட்டிருக்கிறேன். அடுத்த வருஷம் பார்ப்போம் என்று தள்ளுகிற காரியம் இது இல்லை என்பது உனக்கு விளங்கும்.

நாலு பேரும் வருவீர்களோ? அதற்குத் தக்கபடி அரிசி போடவேண்டும். சுணங்காமல் பதில் எழுது.

மீனாம்பிகை